கண்ணுக்கு இட்ட விலங்கு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டக்கோவையில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்று 121680 ஆம் பிரிவு. மற்றது 121685 ஆம் பிரிவு. இரண்டும் மனிதரைக் கடித்த நாய்களைப் பற்றியவை. இரண்டும் விலக்களிக்கும் பிரிவுகள். கடித்த நாயைப் பிடித்துத் தனிமைப்படுத்தி வைத்தல் வேண்டும் என்ற பொதுவிதியிலிருந்து பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாயை முந்திய பிரிவு விலக்குகின்றது. பொலிசாரின் நாயைப் பிந்திய பிரிவு விலக்குகின்றது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை இரண்டும் ஒரே கருணையின் இரு கரங்கள் போலத் தோன்றும். ஊன்றிப் படிப்பவருக்கோ, அரசு யாரை நம்புகின்றது, யாரை ஐயுறுகின்றது என்பது இவ்விரு பிரிவுகளின் வேறுபாட்டிலேயே வெளிப்பட்டுவிடும்.

வழிகாட்டி நாய்க்குரிய விலக்கு நிபந்தனைகளோடு வருகின்றது. அந்நாய்க்கு விசர்நோய்த் தொடர்பு ஏற்பட்டதென்பதற்குச் சான்று இருத்தலாகாது. இது நியாயமே. தக்க வேளைகளில் நாயைப் பரிசோதனைக்குக் காட்டுதல் வேண்டும். இதுவும் நியாயமே. ஆனால் இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பார்வையற்ற எசமான் தமது நாயைத் தம் வளவுக்குள்ளேயே பத்திரமாக அடைத்து வைத்தல் வேண்டும். தவறினால் விலக்கு இல்லை, நாய் தனிமைப்படுத்தப்படும். பொலிஸ் நாய்க்குரிய பிரிவில் இந்த நிபந்தனையைக் காணோம். கடமையின்போது ஒருவரைக் கடித்த பொலிஸ் நாயைப் பரிசோதனைக்குக் காட்டினாற் போதும். அதன் நடத்தையில் மாறுதல் கண்டால் சுகாதார அதிகாரிக்கு அறிவித்தாற் போதும். இன்று மனிதரைக் கடித்த அந்நாய் நாளைக் காலை மீண்டும் கடமைக்குப் போகலாம்.

வழிகாட்டி நாய் போகலாகாது. ஆனால் அதன் கடமைதான் யாது? வீதியில் நடப்பது, சந்தியில் நிற்பது, குழியைக் கண்டு விலகுவது, படிக்கட்டு வந்ததென உணர்த்துவது, வாகனம் வருங்கால் எசமான் முன்செல் என ஏவினும் செல்லாது மறுப்பது. இவையெல்லாம் படலைக்கு வெளியே நடப்பவை. தம் வீட்டின் ஒவ்வொரு தூணையும் கதவையும் பார்வையற்றவர் கைத்தடவலாலேயே அறிவார். அங்கே அவருக்கு வழிகாட்டி எதற்கு? ஆதலின், 'நாயை வளவுக்குள் அடைத்து வை' என்று சொல்லும் சட்டம், 'நீயும் வளவுக்குள் கிட' என்று சொல்லாமற் சொல்லுகின்றது. நாயைத் தனிமைப்படுத்த மாட்டோம் என்று வாயாற் சொல்லி, மனிதரைத் தனிமைப்படுத்துகின்றது. விலக்கு என்னும் பெயரில் வரும் வீட்டுக்காவல் இது. இதனையே நாம் கண்டிக்கின்றோம்.

இவ்விலக்கு எவ்வளவு அரைகுறையானது என்பதை உணர்வதற்கு, வழிகாட்டி நாய் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அது செல்வரின் வரவேற்பறையிற் பிறந்த பொழுதுபோக்கு அன்று, யுத்தத்தின் பிள்ளை. முதலாம் உலக யுத்தத்தில் குண்டினாலும் நச்சுப்புகையினாலும் பார்வை இழந்த போர்வீரருக்காக 1916 இல் ஜெர்மனியின் ஓல்டன்பேர்க் நகரிலே முதலாவது வழிகாட்டி நாய்ப் பள்ளி தோன்றியது. முடியாட்சிகளும் முதலாளிகளும் மூட்டிய போரில் கண்ணைப் பறிகொடுத்தவன் சாதாரண மனிதன். அவனுக்கு ஈடாகக் கிடைத்தது ஒரு நாய். அந்த நாயையும் அவன் தன் உழைப்பால், பயிற்சியால், பொறுமையால் தன் கண்ணாக்கிக் கொண்டான்.

அமெரிக்காவுக்கு இம்முறை வந்த கதையும் அறியத்தக்கது. மொரிஸ் பிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர் 1928 இல் சுவிற்சர்லாந்துக்குச் சென்று பயிற்சிபெற்று, 'படி' என்ற நாயோடு திரும்பினார். நியூயோர்க் நகரின் வாகன நெரிசல் மிக்க வீதியொன்றை, பத்திரிகையாளர் பார்த்திருக்க, அந்நாயின் துணையுடன் கடந்து காட்டினார். 1929 இல் அமெரிக்காவின் முதற் பள்ளி நிறுவப்பட்டது. ஆயினும், வீதியைக் கடப்பது எளிதாயிருந்தது. கதவுகளைக் கடப்பதே அரிதாயிற்று. புகைவண்டியில் ஏற்ற மறுத்தனர். உணவுச்சாலையில் நுழைய மறுத்தனர். விடுதியில் தங்க மறுத்தனர். ஒவ்வொரு கதவையும் பார்வையற்றோர் போராடியே திறப்பித்தனர். 1990 இல் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் அந்நாடு முழுவதற்குமாக நிறைவேறியதும் எவருடைய தயவினாலுமன்று. இயக்கமாகத் திரண்டவர்களுடைய பல்லாண்டுப் போராட்டத்தினாலேயே நிறைவேறியது. இவ்வாறு திறந்த கதவுகளை, ஒரு கடியைக் காரணங்காட்டி, சட்டத்தின் ஒரு சிறு வாசகம் மீண்டும் சாத்திவிடுகின்றது.

எம்மைச் சிலர் இடைமறித்து வினவுவர்: 'விசர்நோய் விளையாட்டா? நாயின் உரிமை பேசுவதற்கு முன் கடிபட்டவனின் உயிரைப் பற்றி எண்ணினீரா?' எண்ணினோம். விசர்நோய் விளையாட்டன்று. நோய்க்குறிகள் தோன்றியபின் அதிலிருந்து மீண்டவர் மிக மிக அரியர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கின்றனர். மனிதருக்கு இந்நோய் தொற்றும் நிகழ்ச்சிகளுள் நூற்றுக்கு 99 நாயினால் நேர்பவை. மாள்வோரிற் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலோர் ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சேர்ந்த ஏழைகள். 1885 இல் பாஸ்ச்சர் தடுப்பூசியின் பயனைக் காட்டியதன் பின்னும் இத்தனை பேர் மாள்வது மருத்துவத்தின் தோல்வியன்று; சமுதாயத்தின் குற்றம். இந்நோயை இலேசாகப் பேசுவதற்கு எமக்கு எவ்வித உரிமையுமில்லை.

ஆனால் விஞ்ஞானத்தை முன்னிறுத்துபவர் விஞ்ஞானத்தை முழுமையாகக் கேட்டல் வேண்டும். கடித்த நாயை ஏன் பத்து நாட்கள் பார்த்திருக்கின்றோம்? விசர்நோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் வெளிப்படுவது, நோய்க்குறிகள் தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரும் தோன்றிய பின்னரும் மட்டுமே. குறிகள் தோன்றிய நாய் விரைவில் இறந்துபடும். ஆதலின், கடித்த நாய் பத்து நாட்கள் கழிந்தும் நோயின்றி உயிரோடிருக்குமாயின், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரிற் கிருமி இருக்கவில்லை என்பது உறுதி. பத்து நாள் என்பது தண்டனைக் காலம் அன்று, பார்வைக் காலம். நாய் கண்ணிற்படும் இடத்தில் இருத்தல் வேண்டும், அதனை மருத்துவர் பார்த்தல் வேண்டும், இடையில் அது மறைந்துவிடலாகாது. விதியின் முதல் நோக்கம் இதுவே. அக்காலத்தில் அது வேறெவரையும் கடித்துவிடாதிருத்தல் இரண்டாவது நோக்கம்.

இவ்விரு நோக்கங்களையும் வழிகாட்டி நாயின்மேற் பொருத்திப் பார்ப்போம். ஊரிலுள்ள நாய்களுள் மறைந்துவிட முடியாத நாய் எது? பயிற்சிப் பள்ளியின் பதிவேட்டில் இடம்பெற்றது. தடுப்பூசிச் சான்றிதழ் உடையது. கழுத்திலும் மார்பிலும் அடையாளம் பூண்டது. ஒரே மனிதரின் இடப்பக்கத்தை விட்டு அகலாதது. எந்நேரமும் வாரிற் பிணிக்கப்பட்டு, கையிற் பிடிக்கப்பட்டு இருப்பது. இதனினும் எளிதிற் கண்டுபிடிக்கத்தக்க நாய் உண்டோ? அடுத்தது, மீண்டும் கடிக்கும் அச்சம். அதற்கு வாய்க்கூடு உண்டு. நாள்தோறும் மிருக வைத்தியரின் பரிசோதனை உண்டு. நோய்த்தொடர்புக்குச் சான்று இல்லாத, தடுப்பூசி பெற்ற நாயொன்று, வாய்க்கூடு அணிந்து, எசமானின் கைப்பிடியில் வீதியால் நடப்பதனாற் பொதுமக்களுக்கு வரும் ஆபத்து யாது? அந்த ஆபத்து ஒரு மனிதரைப் பத்து நாட்கள் சிறைவைப்பதற்குத் தகுதியான அளவினதோ? இக்கேள்வியைச் சட்டம் கேட்கவே இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. நாயிடமிருந்து நாய்க்குப் பரவும் விசர்நோய் வகை தம் நாட்டில் ஒழிந்துவிட்டதென ஐக்கிய அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2007 இல் அறிவித்தது. அங்கே இப்பொழுது இந்நோய் தங்கியிருப்பது வௌவால், ஸ்கங்க், ரக்கூன், நரி முதலிய காட்டு உயிர்களில். இவற்றிலிருந்து தடுப்பூசி பெறாத நாய்க்கு நோய் தொற்றலாம் என்பது உண்மையே. ஆதலாற் கண்காணிப்பு வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால், தெருவில் அலையும் தடுப்பூசியற்ற நாய்க்கும், பட்டணத்துத் தெருக்களில் எசமானின் கைப்பிடியைவிட்டு விலகாத வழிகாட்டி நாய்க்கும் உள்ள வேறுபாட்டை அறியாத விதியை விஞ்ஞானம் என்று சொல்லாதீர்கள்.

'கிருமிக்கு நாயின் தொழில் தெரியுமா?' என்று கேட்போர் உளர். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். தெரியாது, கிருமிக்கு எவருடைய தொழிலும் தெரியாது. அங்ஙனமாயின், பொலிஸ் நாயின் தொழிலை மட்டும் அது எவ்வாறு தெரிந்துகொண்டது? வழிகாட்டி நாய் கடித்தாற் பத்து நாள் உமிழ்நீரில் அச்சம். பொலிஸ் நாய் கடித்தால் அச்சமில்லை. இந்த வித்தியாசத்தைக் கற்பித்தது கிருமியன்று, சட்டம் இயற்றியவர். பொலிஸ் நாய்க்குத் தடுப்பூசி போடப்படுகின்றது, பயிற்சி பெற்றவரின் கையில் இருக்கின்றது, ஆதலால் நம்பலாம் என்பர். இக்காரணங்களில் எது வழிகாட்டி நாய்க்குப் பொருந்தாது? பொருந்தாதது ஒன்றே: பொலிஸ் நாயின் கைப்பிடியைப் பற்றியிருப்பது அரசு, வழிகாட்டி நாயின் கைப்பிடியைப் பற்றியிருப்பவர் ஒரு பார்வையற்ற குடிமகன்.

வேறுபாடு இதனோடு நிற்கவில்லை. கடிப்பதற்கென்றே பயிற்றப்பட்டது பொலிஸ் நாய். கடியாதிருப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது வழிகாட்டி நாய். சீற்றம் காட்டும் குட்டியைப் பள்ளிகள் பயிற்சியின்போதே விலக்கிவிடும். அமெரிக்கப் பொலிஸ் நாய் யாரைக் கடித்தது என்பதற்கு வரலாறு சாட்சி. 1963 இல் அலபாமா மாநிலத்தின் பேர்மிங்காம் நகரில் குடியுரிமை கேட்டு ஊர்வலம் வந்த கறுப்பு மக்கள்மீது நாய்கள் ஏவப்பட்ட காட்சியை உலகமே கண்டது. 2015 இல் அந்நாட்டு நீதித் திணைக்களம் மிசூரி மாநிலத்துப் பேர்குசன் நகரப் பொலிசாரைப்பற்றி வெளியிட்ட அறிக்கை, கடிபட்டவரின் இனம் பதியப்பட்ட பொலிஸ் நாய்க்கடி நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றிலும் கடிபட்டவர் கறுப்பரே எனக் கூறிற்று. இவை கலிபோர்னியாவில் நடந்தவையல்ல. எனினும், பொலிஸ் நாயின் கடி எத்திசை நோக்கி விழுகின்றது என்பதைக் காட்டுபவை. ஏவிக் கடிப்பித்த பல்லுக்குத் தாராளமான விலக்கு. எதிர்பாராது பட்ட பல்லுக்கு நிபந்தனை விலக்கு. சட்டத்தின் கண் கட்டப்பட்டிருப்பதாகச் சொல்லுவர். கட்டு ஒரு கண்ணில் மட்டும் போலும்!

வழிகாட்டி நாய் ஏன் கடிக்கின்றது என்பதையும் எவரேனும் கேட்டல் வேண்டும். நெரிசலில் அதன் பாதத்தை மிதிப்பார் உளர்; வேலையில் இருக்கும்போது வாலைப் பிடித்து இழுப்பார் உளர்; தம் நாயைக் கட்டின்றி அவிழ்த்து விட்டு அதன்மேற் பாயவிடுவாரும் உளர். பிரித்தானியாவில் 2010 க்கும் 2015 க்கும் இடைப்பட்ட 56 மாதங்களில், பிற நாய்கள் வழிகாட்டி நாய்களைத் தாக்கிய 629 நிகழ்ச்சிகள் பதிவாயின. மாதத்துக்குப் பதினொன்று! தாக்குண்ட நாய்களுட் சில மீண்டும் வேலை செய்ய இயலாதனவாயின. அவற்றின் எசமானர் நாயை மட்டுமன்று, வெளியிற் செல்லும் துணிவையும் இழந்தனர். இதன் கொடுமையை உணர்ந்தே அந்நாட்டுப் பாராளுமன்றம் 2014 இல் நாய்ச் சட்டத்தைத் திருத்தி, உதவி நாயைத் தன் நாய் தாக்க விட்டவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க வகைசெய்தது. வழிகாட்டி நாய்க்கு நேரும் காயம் ஒரு மனிதருக்கு நேரும் காயம் என்பதை அச்சட்டம் ஒப்புக்கொள்கின்றது. காயத்தில் ஒப்புக்கொள்ளும் உண்மையைக் காவலில் மட்டும் மறுப்பது எங்ஙனம் நியாயமாகும்?

இவ்வுண்மையை அமெரிக்க நீதிமன்றமொன்றும் ஒருமுறை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அது கடித்த நாயைப் பற்றிய வழக்கன்று. எனினும் தனிமைப்படுத்தலைப் பற்றியதே. விசர்நோய் இல்லாத தீவுகள் ஹவாய். நோய் நுழையாதிருத்தற்பொருட்டு, வெளியிலிருந்து வரும் நாய்களை 120 நாட்கள் தனிமைப்படுத்தும் விதி அங்கே நிலவியது. வழிகாட்டி நாயோடு வந்தவருக்கும் அதே விதி. நான்கு மாதம் வழிகாட்டியின்றி இருத்தல் வேண்டும், அல்லது அம்மாநிலத்துக்கு வராதே இருத்தல் வேண்டும். பார்வையற்றோர் வழக்குத் தொடுத்தனர். தடுப்பூசியையும் இரத்தப் பரிசோதனையையும் கொண்டே நோயைத் தடுக்கலாம், காவல் வேண்டாம் என்றனர். கீழ்நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. 1996 இல் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. விதி எல்லோருக்கும் ஒன்றாயிருக்கலாம். ஆனால் அதன் சுமை பார்வையற்றவரின்மேல் வேறுவகையாகவும் மிகுதியாகவும் விழுகின்றது என்றும், மாற்று வழி நியாயமானதா என்பதை நீதிமன்றம் ஆராய்ந்தே ஆகவேண்டும், சட்டசபை தீர்மானித்துவிட்டது என்று கைகட்டி நிற்றலாகாது என்றும் அது கருதிற்று. இன்று ஹவாயில், உரிய தடுப்பூசியும் இரத்தப் பரிசோதனையும் பெற்ற வழிகாட்டி நாய் தனிமைப்படுத்தலின்றி நுழையலாம். தீவுகளில் விசர்நோய் பரவிவிடவில்லை.

எல்லோருக்கும் ஒரே விதி என்பதன் வஞ்சகம் இங்கேதான் இருக்கின்றது. வீட்டு நாயைப் பத்து நாள் அடைத்தால் அதன் உடையவருக்குச் சிறிது மனவருத்தம். அவர் காலையில் எழுந்து வழக்கம்போலக் கந்தோருக்குப் போவார். வழிகாட்டி நாயைப் பத்து நாள் அடைத்தால் உடையவரின் வேலை நிற்கும், சம்பளம் நிற்கும், படிப்பு நிற்கும், மருந்துக்கடைக்குப் போவதும் நிற்கும். இதிலும் வர்க்க பேதம் உண்டு. வசதி படைத்தவர் வாகனமும் சாரதியும் அமர்த்திக்கொள்வார். நாட்சம்பளத்துக்கு உழைப்பவர் என்செய்வார்? பொதுச் சுகாதாரம் என்பது பொதுமக்களின் நலம். அந்நலத்திற்கான செலவு முழுவதையும் பார்வையற்ற ஒருவரின் தலையிற் கட்டுவது எவ்வகைப் பொதுமை? ஊரின் நன்மைக்காக ஒருவரின் நிலத்தை எடுத்தாலே அரசு நட்டஈடு கொடுக்கின்றது. ஊரின் நன்மைக்காக ஒருவரின் கண்ணைப் பத்து நாள் எடுத்தால், அதற்கு ஈடாக ஒரு சதமும் அச்சட்டப் பிரிவில் இல்லை.

'வெள்ளைக் கோல் இருக்கின்றதே, பத்து நாளைக்கு அதனைக் கொண்டு நடந்தாலென்ன?' என்பர் சிலர். கோல் இழிவானதன்று. கோலினால் உலகெங்கும் நடந்து சென்று தொழில் புரிவோர் பல்லாயிரவர். வழிகாட்டி நாய் உடையவருட் பலரும் கோற்பயிற்சி பெற்றவரே. ஆனால் ஆண்டுக்கணக்காக நாயோடு நடந்தவருக்கு, நாயின் அசைவே வீதியின் படமாகிவிடுகின்றது. ஒரு நாளில் அப்படத்தைக் கிழித்துவிட்டு, நாளைமுதல் வேறுவிதமாக நட என்று எவரும் ஆணையிடலாகாது. அதனிலும் மேலாக, எவ்வாறு நடப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நடப்பவருக்கே உரியது. காலுள்ளவனைப் பார்த்து, 'பத்து நாள் ஊன்றுகோலால் நடந்தாலென்ன?' என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

'அதிகாரிகள் மனிதாபிமானம் உடையவர்கள். சட்டத்தின் சொல்லை இறுக்கிப் பிடிக்கமாட்டார்கள்' என்ற சமாதானமும் வரும். இருக்கலாம். நல்ல அதிகாரி வளவு என்ற சொல்லுக்கு வீதியையும் சேர்த்துப் பொருள் கொள்ளலாம்; கண்டும் காணாமலும் விடலாம். ஆனால் அதிகாரியின் மனத்தைப் பொறுத்துக் கிடைப்பது உரிமையன்று, சலுகை. இன்றைய அதிகாரி இரங்குவார். நாளைய அதிகாரி இறுக்குவார். தயவை நம்பி வாழ்வது போதும் என்பதற்காகத்தானே உரிமைச் சாசனங்களை மக்கள் எழுதுவித்தார்கள்!

அத்தகைய சாசனமொன்று உலக மக்களிடம் இருக்கின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2006 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய சமவாயம், தன் 20 ஆம் உறுப்புரையில் தனிமனித நடமாட்டத்தை உரிமையாகக் கொள்கின்றது. நடமாட்டத்துக்கு உதவும் கருவிகளோடு உயிருள்ள துணையையும் அது சேர்த்தே பேசுகின்றது. ஐக்கிய அமெரிக்கா 2009 இல் அதிற் கைச்சாத்திட்டது. ஆனால் 2012 இல் அதனை ஏற்புறுதி செய்வதற்கான தீர்மானம் அந்நாட்டு மேற்சபையில் 61 க்கு 38 என்ற வாக்குகளால், வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிடையாமல், தோற்றது. உலகுக்குச் சனநாயகம் போதிப்பவர்களின் சபையிலே, பார்வையற்றோரின் நடமாட்ட உரிமைக்கு ஐந்து வாக்குகள் குறைந்துபோயின.

'இது அமெரிக்கர் பாடு, நமக்கென்ன?' என்று வாசகர் வினவலாம். எமது இலங்கை அதே சமவாயத்தை 2016 இல் ஏற்புறுதி செய்த நாடு. எமது விசர்நோய்க் கட்டளைச் சட்டமோ 1893 இல், பிரித்தானியர் ஆட்சியிற் பிறந்தது; ஓல்டன்பேர்க்கில் முதற் பள்ளி தோன்றுவதற்கு 23 ஆண்டுகளுக்கு முந்தியது. யுத்தம் எமது மண்ணிலும் கண்களைப் பறித்திருக்கின்றது. இங்கே பார்வையற்றோர் பெரும்பாலும் கோலையும் உறவினர் தோளையும் நம்பியே நடக்கின்றனர். நாளை வேறு துணைகள் வரும், வரவேண்டும். அவை வரும்போது அவற்றுக்கான சட்டத்தை நாம் பிறநாட்டுப் புத்தகங்களைப் பார்த்தே எழுதுவோம். அப்போது நல்லதோடு அல்லதையும் சேர்த்து இறக்குமதி செய்யாதிருக்க, அப்புத்தகங்களின் சிறிய எழுத்துக்களை இன்றே படித்து வைத்தல் நன்று.

கடிபட்டவரை நாம் மறக்கவில்லை என்று முன்னரே கூறினோம். மறக்கவும் மாட்டோம். வழிகாட்டி நாய் என்பதற்காகக் கடி கடியன்றென்று ஆகிவிடாது. பாதையிற் போன குழந்தையை அது கடித்தால் அக்குழந்தையின் நோவும் தாயின் அச்சமும் உண்மையே. காயத்தை உடனே சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவுதலும், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டு செல்லுதலும், வேண்டிய மருந்தை இலவசமாகப் பெறுதலும் அக்குழந்தைக்கு உரிய உரிமை. நாயின் நிலையை நாள்தோறும் அறியும் உரிமையும் அத்தாய்க்கு உண்டு. காரணமின்றிப் பாய்ந்து கடிக்கும் நாய் வழிகாட்டும் வேலைக்கு உதவாது. அதனை ஓய்வுபெறச் செய்தலே முறை. ஆனால் அது விசர்நோய்க் கேள்வியன்று, குணத்தைப் பற்றிய கேள்வி. இரண்டையும் குழப்பி, நோயின் பெயரால் தண்டனை வழங்குவதாற் கடிபட்ட குழந்தைக்கும் நன்மையில்லை. பார்வையற்றவரைப் பூட்டி வைப்பதால் எந்தக் காயமும் ஆறியதில்லை. கடிபட்டவரையும் பார்வையற்றவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இருவருக்கும் செய்யவேண்டிய கடமையிலிருந்து அரசு நழுவிக்கொள்வதே இவ்விவாதத்தின் உட்பொருள்.

எமது கோரிக்கைகள் எளியவை. தடுப்பூசி பெற்ற, நோய்த்தொடர்புக்குச் சான்று இல்லாத வழிகாட்டி நாய் கடித்தால், பத்து நாளும் அது கண்காணிப்பில் இருக்கட்டும், காவலில் இருக்கவேண்டியதில்லை. வேண்டுமாயின் வாய்க்கூடு அணிந்து அது தன் வேலையைச் செய்யட்டும். அரசின் மிருக வைத்தியர் நாள்தோறும் பரிசோதிக்கட்டும், அதற்காகப் பார்வையற்றவரை அலையவைக்காது அவரிடமே வரட்டும், கட்டணம் கேட்கலாகாது. நோய்க்குறி ஒன்றேனும் தென்பட்டால் அக்கணமே நாய் பிரிக்கப்படட்டும். அதற்கு நாம் தடைசொல்லோம். அவ்வாறு பிரிக்கும் நாளிலிருந்து, பார்வையுள்ள துணைவர் ஒருவரையும் போக்குவரவுச் செலவையும் இழந்த சம்பளத்தையும் அரசு கொடுக்கட்டும். நாய் ஓய்வுபெற நேர்ந்தால், மாற்று நாய் வரும்வரை அவ்வுதவி தொடரட்டும். இவ்விதிகளை எழுதும் மேசையிற் பார்வையற்றோரின் சங்கங்கள் அமரட்டும். அவர்களைப் பற்றி அவர்களின்றி எழுதப்பட்டதனாலேயே இக்கேடு விளைந்தது.

இவற்றுள் எதுவும் ஆகாத காரியமன்று. பொலிஸ் நாய்க்கு அடைப்பின்றிக் கண்காணிப்பு மட்டும் போதுமென்று கலிபோர்னியாச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கின்றது. அந்த ஏற்பாட்டை ஒரு பிரிவு முன்னே நகர்த்தி, வழிகாட்டி நாய்க்கும் பொருந்தச் செய்தாற் போதும். 121680 க்கும் 121685 க்கும் இடையே அதிக தூரம் இல்லை. அத்தூரத்தைச் சட்டம் கடக்கும்வரை, கடித்தது நாயாயினும் கட்டுண்டு கிடப்பவர் மனிதரே.